மலையைச் சுற்றினேன், வாய்க்காலைத் திருப்பிக் கொடுத்தேன்

(பண்ணை நேயர்களுக்காக வானொலியில் ஆற்றிய உரை)



விதை, உரம், பூச்சி மருந்து பற்றி எத்தனையோ பேர் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். இன்றைக்கு நான் சொல்லப் போவது அது ஒன்றும் இல்லை. ஓர் ஊருக்குப் போய் வந்த கதை. கதையின் கடைசியில் ஒரு வாய்க்கால் வரும். அதனால் பண்ணை நேரத்தில் இவன் என்ன யாத்திரைக் கதை பேசுகிறான் என்று வானொலியை அணைத்து விடாதீர்கள்.

நாம் எல்லோரும் வெளியூர் போகிறோம். கல்யாணம், காதுகுத்து, கோயில், ஆஸ்பத்திரி என்று போகிறோம், வருகிறோம். ஆனால் போன ஊரில் பாதி, பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் மறந்து போகிறது. வேறு சில ஊர்கள் அப்படி இல்லை. ஐம்பது வருஷம் ஆனாலும் நெஞ்சை விட்டுப் போவதில்லை. இது ஏன் என்று நான் வெகு நாள் யோசித்ததுண்டு. திருவண்ணாமலைக்கு நான் போன மூன்று பயணங்களை வைத்துத்தான் எனக்கு ஒரு பதில் கிடைத்தது.

மாட்டுச் சந்தைக்குப் போன கதை

நான் செங்கம் பக்கத்துக் கிராமத்தான். திருவண்ணாமலைக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். 1966ஆம் வருஷம் எனக்குப் பத்து வயது. அப்போது திருவண்ணாமலை தனி மாவட்டம் இல்லை, வட ஆற்காட்டோடு சேர்ந்திருந்தது. தனி மாவட்டம் ஆனது 1989இல்.

கார்த்திகைத் தீபத் திருவிழாவை ஒட்டித் திருவண்ணாமலையில் பெரிய மாட்டுச் சந்தை கூடும். எங்கள் வீட்டில் ஓர் உழவு ஜோடி இருந்தது. கவலை இறைத்ததும் அந்த ஜோடிதான். முந்தின வருஷம் மழை பொய்த்துக் கிணறு வற்றி விட்டது. தண்ணீர் இல்லாத கிணற்றில் கவலை எங்கே ஓடும்? அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய கடனோ வட்டியோடு நின்றது. அப்பா ஒரு நாள் ராத்திரி அம்மாவிடம், "ஜோடியைத் தீபச் சந்தைக்கு ஓட்டிடறேன்" என்றார். அம்மா பதில் பேசவில்லை. விடியற்காலையில் எழுந்து பார்த்தால், இரண்டு மாட்டுக்கும் நெற்றியில் மஞ்சள் வைத்திருந்தது.

பக்கத்து வீட்டுப் பெரியப்பா வண்டியில் நானும் அப்பாவும் ஏறிக்கொண்டோம். எங்கள் ஜோடி வண்டிக்குப் பின்னால் கட்டி வந்தது. ராத்திரி முழுக்கப் பயணம். வைக்கோலில் படுத்துக்கொண்டு பின்பக்கம் பார்த்தால் இரண்டு ஜோடிக் கண்கள் நிலா வெளிச்சத்தில் மின்னிக்கொண்டே வரும். எங்கே போகிறோம் என்று அதுகளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அது எனக்குப் பெரிய பாரமாக இருந்தது.

விடியும்போது வண்டி ஒரு மேட்டில் ஏறியது. அப்பா என்னைத் தட்டி எழுப்பி, "அதோ பாரு தம்பி, மலை" என்றார். சுற்றிலும் சமவெளி, நடுவிலே ஒற்றையாக ஒரு மலை. 2,668 அடி உயரம் என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், அத்தனை பெரியதை அதுவரை நான் பார்த்ததில்லை என்பதுதான்.

சந்தையில் ஆயிரக்கணக்கில் மாடுகள். தரகர் வந்து பல்லைப் பிடித்துப் பார்த்தார், சுழி பார்த்தார், வாலைத் தூக்கிப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து அப்பா கைமேல் போட்டுத் தன் கையையும் உள்ளே விட்டார். பேச்சு ஒன்றும் இல்லை. துண்டுக்குள்ளே விரல்கள் பேசின. இரண்டு தடவை அப்பா தலையை ஆட்டிக் கையை இழுத்தார். மூன்றாம் தடவை இழுக்கவில்லை. அவ்வளவுதான், மாடு விற்றுப் போயிற்று.

எங்கள் பக்கத்தில் மாட்டை விற்றாலும் கயிற்றை விற்கக் கூடாது என்பார்கள். வாங்குகிறவர் புதுக் கயிறு கொண்டு வந்து மாற்றிக் கட்டிப் பிடித்துக்கொண்டு போவார். அப்பா பழைய கயிறுகள் இரண்டையும் அவிழ்த்துச் சுருட்டி என் கையில் கொடுத்தார். மாடுகள் கூட்டத்துக்குள்ளே போயின. வலத்து மாடு மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. நான் அழுதேன். அப்பா அழவில்லை. "வா, தீபம் பாத்துட்டு மலையைச் சுத்திட்டுப் போலாம்" என்று மட்டும் சொன்னார்.

தீபமும் மலைச் சுற்றும்

தீபத்தை நேரில் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. சாயங்காலம் ஆறு மணி சுமாருக்குக் கோயிலுக்குள் இருந்து அர்த்தநாரீசுவரர் வெளியே வந்து காட்சி கொடுப்பார். சில நிமிஷம்தான். அந்த நேரத்திலே மலை உச்சியில் கொப்பரையில் தீபம் ஏற்றுவார்கள். 1,000 மீட்டருக்குக் குறையாத காடாத் துணி திரியாகும். 3,000 கிலோவுக்கு மேல் நெய் பிடிக்கும். எல்லாம் மனிதர் தோளிலேயே மலை ஏறும். தீபம் ஏற்றுகிற உரிமை பருவதராஜ குலத்தாருக்கு. மலையில் தீபம் தெரிந்த பிறகுதான் ஊரில் வீட்டுக்கு வீடு அகல் விளக்கு ஏற்றுவார்கள். அதுவரை அத்தனை பெரிய ஊரும் மேலே பார்த்துக்கொண்டே நிற்கும். பிறகு "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று ஒரு சத்தம் எழும்பும் பாருங்கள், நிற்கிற தரையே அதிர்கிற மாதிரி இருக்கும். அந்தத் தீபம் 11 நாள் எரியும்.

சாப்பிட்டுவிட்டு மலை சுற்றக் கிளம்பினோம். சுற்று 14 கிலோமீட்டர். வெறுங்கால். கிழக்கே இந்திர லிங்கத்தில் தொடங்கி, அக்கினி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானியம் என்று எட்டுத் திசைக்கும் எட்டு லிங்கம் உண்டு. அப்போது இன்றைக்கு இருக்கிற மாதிரி விளக்கு வரிசையும் கடை வரிசையும் கிடையாது. நிலா வெளிச்சமும் மேலே எரிகிற தீபமும்தான். நடக்க நடக்க மலை உருவம் மாறிக்கொண்டே வந்தது. ஓரிடத்தில் ஒரே சிகரம், இன்னோர் இடத்தில் நாலைந்து மடிப்பு.

தெற்குப் பக்கம் போகும்போது ஏரித் தண்ணீர் தூரத்தில் மின்னியது. சமுத்திரம் ஏரி. அப்பா நின்றார். காலையிலிருந்து அதிகம் பேசாத மனுஷன் அங்கேதான் பேசினார்.

"மலை மேல பெய்யற மழை எல்லாம் எங்க போவுதுன்னு பாத்தியா? மலை குடிச்ச தண்ணிதான் ஏரியில நிக்குது. நம்ம ஊர்லயும் மலை இருக்குது, ஏரி இருக்குது. நடுவுல வாய்க்கால் தூர்ந்து கெடக்குது. அதான் கிணறு காஞ்சுது. அதான் மாடு போச்சு."

பத்து வயதுப் பையனுக்கு அது முழுக்கப் புரியவில்லை. ஆனால் காதில் விழுந்தது விழுந்ததுதான்.

குபேர லிங்கத்துக்கு வந்தபோது, பணம் வேண்டும் என்று எல்லோரும் கும்பிட்டார்கள். அப்பா மடியில் முடிந்திருந்த மாட்டுப் பணத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "இது நம்ம பணம் இல்லை தம்பி, கடன்காரன் பணம்" என்று சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்துத்தான் அவருக்கு எவ்வளவு வருத்தம் என்று எனக்குப் புரிந்தது.

ஊருக்குத் திரும்பினோம். அந்த இரண்டு கயிறும் எங்கள் மாட்டுக் கொட்டகை முளையில் தொங்கின. இன்றைக்கும் ஒன்று இருக்கிறது.

போனதே தெரியாமல் போய் வந்த பயணம்

இரண்டாவது தடவை போனது முப்பது வருஷம் கழித்து. அதற்குள் பம்புசெட் வந்து விட்டது, ஆழ்குழாய்க் கிணறு வந்து விட்டது, கையில் நாலு காசும் இருந்தது. ஊர்க்காரர்கள் பதினைந்து பேர் வேன் பிடித்துப் பௌர்ணமிக்குப் போனோம். பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கில் ஜனங்கள் வருகிற காலம் அப்போதே தொடங்கி விட்டது.

கோயில் பார்த்தோம். ராஜகோபுரம் 217 அடி, 11 நிலை. கிருஷ்ணதேவராயர் காலத்தில், 16ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. தஞ்சாவூர் செவ்வப்ப நாயக்கர் முடித்து வைத்தது. ஆயிரங்கால் மண்டபமும் ராயர் திருப்பணிதான். இதெல்லாம் இப்போது சொல்கிறேனே, அன்றைக்குப் பார்த்த ஞாபகத்தில் சொல்லவில்லை. அப்புறம் புத்தகத்தில் படித்தது. அன்றைக்கு எனக்கு நினைவிருப்பது ஒன்றே ஒன்று: செருப்பு விட்ட இடத்தைத் தேடினது.

கூட்டத்தில் நடக்க முடியாது என்று வேனிலேயே மலையைச் சுற்றினோம். முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. எட்டு லிங்கத்துக்கும் ஜன்னல் வழியாகவே கும்பிடு. சமுத்திரம் ஏரி எந்தப் பக்கம் வந்தது, எப்போது போனது, எனக்குத் தெரியாது. பாட்டு போட்டிருந்தார்கள், நான் தூங்கி விட்டேன்.

அந்த வருஷம்தான் இன்னொரு காரியமும் செய்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். எங்கள் கொல்லை ஓரமாக மலையிலிருந்து ஏரிக்குப் போகிற வரத்துக் கால்வாய் ஒன்று உண்டு. பல வருஷமாகத் தூர்ந்து கிடந்தது. தண்ணீர்தான் வருவதில்லையே என்று கரையை வெட்டித் தள்ளி, வரப்பை அந்தப் பக்கம் நகர்த்தி மல்லாட்டை போட்டேன். உங்கள் ஊரில் வேர்க்கடலை என்பீர்கள், மணிலா என்பீர்கள். வாய்க்கால் புறம்போக்கு என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அக்கம் பக்கத்தில் நாலு பேர் செய்திருந்தார்கள், நானும் செய்தேன். அப்பா அப்போது இல்லை. இருந்திருந்தால் செய்திருக்க மாட்டேன்.

மதுரையிலிருந்து வந்த பையன்

இந்த இடத்தில் எல்லோருக்கும் தெரிந்த இன்னொரு பயணத்தையும் சொல்ல வேண்டும். பயணம் என்றால் என்ன என்பது அதில் நன்றாகத் தெரியும்.

1896ஆம் வருஷம். மதுரையில் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த பதினாறு வயதுப் பையன், பெயர் வேங்கடராமன். உறவுக்காரப் பெரியவர் ஒருவர் முந்தின வருஷம் வீட்டுக்கு வந்தபோது, எங்கிருந்து வருகிறீர்கள் என்று பையன் கேட்டான். அருணாசலத்திலிருந்து என்றார். அந்த ஒரு வார்த்தை பையன் மனசில் தங்கி விட்டது.

அண்ணனுக்குக் காலேஜில் கட்ட வேண்டிய சம்பளம் 5 ரூபாய். அதில் 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சம் 2 ரூபாயைக் கடிதத்தோடு வைத்துவிட்டு ஆகஸ்ட் 29ஆம் தேதி கிளம்பினான். கையில் இருந்தது பழைய தேசப்படம். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கு ரயில் பாதை போட்டாயிற்று என்பது அதில் இல்லை. அதனால் திண்டிவனத்துக்கு 2 ரூபாய் 13 அணா கொடுத்து டிக்கெட் வாங்கினான். மிச்சம் 3 அணா. வழியில் விவரம் தெரிந்து விழுப்புரத்தில் இறங்கி, இருந்த சில்லறைக்கு மாம்பழப்பட்டு வரைக்கும் ரயிலில் போனான். அதற்கு மேல் நடை. அறையணிநல்லூர் போய், அங்கிருந்து கீழூர் போய், காதில் இருந்த கடுக்கனை 4 ரூபாய்க்கு அடகு வைத்தான். செப்டம்பர் 1ஆம் தேதி காலையில் திருவண்ணாமலையில் இறங்கினான். அடகுச் சீட்டை முன்பே கிழித்துப் போட்டாயிற்று. மிச்சக் காசையும் அய்யங்குளத்தில் எறிந்தான்.

அவர்தான் ரமண மகரிஷி. 1950ஆம் வருஷம் ஏப்ரல் 14ஆம் தேதி காலமாகும் வரையில், 53 வருஷத்துக்கு மேல், அந்த மலையை விட்டு அவர் வேறு ஊர் போகவில்லை.

நாமெல்லாம் ரமணர் ஆக முடியாது. நமக்கு வீடு உண்டு, வாசல் உண்டு, கறக்கிற மாடு உண்டு. திரும்பித்தான் ஆக வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். போய் வந்த பெரியவர் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். கேட்ட பிள்ளை அதை விடவில்லை. அதனால்தான் சொல்கிறேன், ஊருக்குப் போய் வந்தால் பிள்ளைகளிடம் பார்த்ததைச் சொல்லுங்கள். எந்த வார்த்தை எங்கே போய் முளைக்கும் என்று நமக்குத் தெரியாது. என் அப்பா ஏரிக்கரையில் சொன்ன வார்த்தை முளைக்க எனக்கு ஐம்பத்தெட்டு வருஷம் ஆயிற்று.

மூன்றாவது பயணம்

2024ஆம் வருஷம் நவம்பர் 30ஆம் தேதி ராத்திரி, ஃபெங்கல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தது. கரை கடந்த பிறகும் விலகாமல் நின்று பெய்தது. எங்கள் பக்கம் என்றால் அப்படி ஒரு மழை. சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்து விட வேண்டியதாயிற்று. விழுப்புரம், கடலூர் வரைக்கும் வெள்ளம்.

டிசம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலையில் மலைச் சரிவிலிருந்து மண்ணும் பாறையும் பெயர்ந்து வந்து வ.உ.சி. நகரில் வீட்டின்மேல் விழுந்தது. ஏழு பேர் மண்ணுக்குள் போனார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். வானொலியிலும் பத்திரிகையிலும் நீங்களும் கேட்டிருப்பீர்கள், படித்திருப்பீர்கள். எங்கள் வீட்டில் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து, டிசம்பர் 13ஆம் தேதி, தீபம். அந்த வருஷம் பக்தர்கள் மலை ஏறக் கூடாது என்று அரசாங்கம் தடுத்து விட்டது. மண் ஊறிப் போயிருக்கிறது, கால் வைத்தால் ஆபத்து என்று பூமி விஞ்ஞானம் தெரிந்தவர்கள் பார்த்துச் சொன்னார்கள். கொப்பரை, நெய், திரி சுமக்கிறவர்களும் தீபம் ஏற்றுகிறவர்களும் மட்டும்தான் மேலே போனார்கள். தீபம் தவறாமல் எரிந்தது.

என் பேத்தி ஒன்பதாவது படிக்கிறாள். "தாத்தா, மலையைச் சுத்தணும், வேன்ல வேணாம், நடந்தே போலாம்" என்றாள். எனக்கு அறுபத்தெட்டு வயது, முழங்கால் வலி. இருந்தாலும் சரி என்றேன். அறுபத்தாறில் என்னை அழைத்துப் போன மாதிரி இவளை அழைத்துப் போக வேறு யார் இருக்கிறார்கள்?

நடந்தோம். பகல் வெளிச்சத்தில் கிளம்பியதால் மலை நன்றாகத் தெரிந்தது. நான் சின்ன வயதில் பார்த்தபோது பெரும்பாலும் மொட்டைப் பாறையும் போதைப்புல்லும்தான். கோடையில் புல் தீப்பிடித்து மலை முழுக்க எரியும். இப்போது பல இடத்தில் மரம் அடர்ந்து பச்சையாக இருக்கிறது. வனத்துறையும் உள்ளூர்த் தொண்டர்களும் பல வருஷமாகக் கன்று நட்டு, கோடைக்கு முன்னால் நீளமாகப் புல் அறுத்துத் தீத்தடுப்புக் கோடு போட்டுக் காப்பாற்றி வருகிற பலன். தீ வந்தால் அந்தக் கோட்டோடு நின்று விடும், அதற்கு அப்பால் இருக்கிற கன்று பிழைத்துக்கொள்ளும். நம் கரும்புக் கொல்லையில் தீ பரவாமல் நடுவில் இடம் விடுகிறோமே, அதே யோசனைதான்.

ஆனால் அந்தப் பச்சைக்கு நடுவிலே ஊர்ப் பக்கத்துச் சரிவில், நகத்தால் கீறின மாதிரி செம்மண் கோடுகள் தெரிந்தன. மண் பெயர்ந்து வந்த தடம். பேத்தி பேசாமல் வெகு நேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"தாத்தா, தண்ணி ஏன் அந்த வழியா வந்துச்சு?"

நான் சொன்னேன்: "கண்ணு, தண்ணி மேட்டுலேர்ந்து பள்ளத்துக்குத்தான் வரும். சாதாரண மழைன்னா மண்ணு குடிச்சுக்கும், மரத்து வேர் பிடிச்சுக்கும், மிச்சம் ஓடையில போகும். விடாம கொட்டினா மண்ணும் ஊறிக் கனத்துப் போகும். அப்புறம் மண்ணும் தண்ணியும் கல்லும் ஒண்ணா எறங்கும். அது போற வழியில நாம இருந்தா..." மேலே சொல்ல வாய் வரவில்லை.

அவள் விடவில்லை. "தண்ணி போற வழி இதுன்னு முன்னாடியே தெரியாதா தாத்தா?"

"பெரியவங்களுக்குத் தெரியும்" என்றேன்.

"தெரிஞ்சுமா வழியை மூடறாங்க?"

அவள் யாரையும் குற்றம் சொல்லிக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள். அங்கே சரிவில் குடியிருக்கிறவர்கள் வேறு இடம் இல்லாமல் இருக்கிற ஏழை பாழைகள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது. தெரிந்து கொண்டே மூடினவன் ஒருத்தன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நடக்கிறானே!

சமுத்திரம் ஏரி கண்ணில் பட்டது. அப்பா நின்று பேசினாரே, அந்த இடமாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது. நிச்சயமாகச் சொல்ல முடியாது, சுற்றிலும் கட்டடம் வந்து விட்டது. நானும் நின்றேன். மலை குடித்த தண்ணீர்தான் ஏரியில் நிற்கிறது என்று பேத்திக்குச் சொன்னேன். மாடு விற்ற கதை சொன்னேன். கயிறு சொன்னேன். ஆதி அண்ணாமலை தாண்டி வாயு லிங்கம் வருவதற்குள் வாய்க்கால் கதையையும் சொல்லி விட்டேன். அவள் என்னைத் திட்டவில்லை. "திருப்பிக் கொடுத்துடலாமா தாத்தா?" என்று கேட்டாள். அவ்வளவுதான்.

ஒன்றரை சென்ட் நிலம்

தை பிறந்ததும் மல்லாட்டை பிடுங்கி முடித்து, ஆள் வைத்து அளந்தேன். நான் வாய்க்காலிலிருந்து எடுத்தது ஐந்து அடி அகலம், நூற்றிருபது அடி நீளம். அறுநூறு சதுர அடி. ஒன்றரை சென்ட்கூட இல்லை! முப்பது வருஷம் மனசாட்சியை அடகு வைத்தது இதற்குத்தானா என்று சிரிப்பு வந்தது.

வரப்பைப் பழைய இடத்துக்கே கொண்டு போனேன். வாய்க்காலை ஆழப்படுத்தி, கரையில் மண் அரிக்காமல் இருக்க வெட்டிவேரும் பனங்கொட்டையும் வைத்தேன். மேலும் கீழும் இருக்கிற கொல்லைக்காரர்களிடம் போய்ப் பேசினேன். இரண்டு பேர் உடனே சரி என்றார்கள். ஒருவர், "உனக்கு வயசாயிடுச்சு, புண்ணியம் தேடறே" என்று கேலி செய்தார். அவரிடம் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். அடுத்த மழையில் அவர் கொல்லை வரைக்கும் தண்ணீர் ஓடி வந்தது. அங்கே முட்டி, அவர் பயிரிலேயே தேங்கி நின்றது. அது அவருக்கு என்னைவிட நன்றாகவே எடுத்துச் சொல்லியிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஏரி நிரம்பி விட்டதா என்று கேட்பீர்கள். நிரம்பவில்லை. ஒருத்தன் வாய்க்காலால் ஏரி நிரம்பாது. ஆனால் என் கிணற்றில் நீர்மட்டம் முன்னைவிட மேலே நிற்கிறது.

உங்களுக்குச் சொல்வது

அருமை விவசாயிகளே, மூன்று பயணம் சொன்னேன். முதலாவதும் மூன்றாவதும் மனசில் நிற்கின்றன, இரண்டாவது நிற்கவில்லை. மூன்று தடவையும் ஊர் ஒன்று, மலை ஒன்று. காலால் நடந்த இரண்டும் நின்றன. ஜன்னல் வழியாகப் பார்த்தது போய் விட்டது. நடக்கிறபோதுதான் நிற்கத் தோன்றுகிறது, நிற்கிறபோதுதான் பக்கத்தில் வருகிறவர் பேசுகிறார், நாம் கேட்கிறோம்.

ஆகவே அடுத்த தடவை வெளியூர் போனால் இப்படிச் செய்து பாருங்கள். முடிந்த தூரம் நடந்து பாருங்கள். திருவண்ணாமலை என்றால் 14 கிலோமீட்டருக்கு நிதானமாக நாலைந்து மணி நேரம் ஆகும். வெயிலுக்கு முன்னால் விடியற்காலையிலோ, வெயில் தாழ்ந்த பிறகோ கிளம்பலாம். முடியாதவர்கள் பாதி தூரம் நடந்தாலும் நல்லதுதான். வீட்டுப் பிள்ளை ஒன்றைக் கூட அழைத்துப் போங்கள். நமக்குக் கேட்கத் தோன்றாத கேள்வி அதுகளுக்குத் தோன்றும். போன ஊரில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று பாருங்கள். அந்த ஊர் விவசாயி ஒருவரிடம் நின்று பேசுங்கள், என்ன பயிர், என்ன விலை, என்ன கஷ்டம் என்று கேளுங்கள். தண்ணீர்ப் பாட்டிலையும் இலையையும் வழியில் போட்டு வராதீர்கள். மலையில் போடுகிற குப்பை மழையோடு ஏரிக்குத்தான் வரும்.

வீட்டுக்கு வந்த பிறகு, பார்த்ததிலிருந்து ஒரே ஒரு காரியத்தை ஒரு வாரத்துக்குள் செய்து விடுங்கள். வாய்க்கால் தூர் வாருவதாக இருக்கலாம், மரக்கன்று நடுவதாக இருக்கலாம். தள்ளிப் போட்டால் நானும் தள்ளிப் போட்ட மாதிரி ஐம்பத்தெட்டு வருஷம் ஓடி விடும்.

எங்கள் கொட்டகையில் இப்போது மாடு இல்லை. டிராக்டர் வாடகைக்கு வருகிறது. ஆனால் அந்த முளையில் கயிறு தொங்குகிறது. போன மாசம் பேத்தி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது வலத்து மாட்டுதா, இடத்து மாட்டுதா தாத்தா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. வலத்து மாட்டுதாகத்தான் இருக்க வேண்டும் என்று சொன்னேன். அதுதானே திரும்பிப் பார்த்தது.